கோதுமை மாப் பசை

நவம்பர் 9, 1985

மேற்கு பெர்லினில் எங்களுக்கு ஒரு வீடு கிடைத்துவிட்டது. வீடு என்று சொல்வது அதை ஒழுங்குசெய்து தந்த தேவாலயத்துப் பெண்களின் பெருந்தன்மை. ஒரு பெரிய அறை, ஒரு சின்ன அறை, ஒரு குசினி. கழிப்பறை படிக்கட்டின் பாதிவழியில், பொதுச் சொத்தாக இருக்கிறது. அகதி முகாமில் இரட்டைக் கட்டில்களுக்கு நடுவே பக்கவாட்டில் நடந்து பழகிய எங்களுக்கு இது அரண்மனை.

பெரிய அறை என் தம்பியின் மகன் யோகேந்திரனுக்கும் அவன் மனைவி தவமலருக்கும். சின்ன அறை எனக்கு. இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை உண்டு, கதவு இல்லை. முன்னர் குடியிருந்தவர் அதைக் குளிருக்கு எரித்திருக்கலாம். எரித்திருந்தால் அவர் நல்ல நிர்வாகி.

ஏனென்றால் இந்த வீட்டுக்குச் சூடு தானாக வராது. பெரிய அறையின் மூலையில் ஓர் இரும்பு அடுப்பு நிற்கிறது. பத்து வயதுப் பிள்ளையின் உயரம். மேலே கரி போட ஒரு கதவு, கீழே சாம்பல் எடுக்க ஒரு கதவு, பின்னால் சுவருக்குள் போகும் புகைக்குழாய், அந்தக் குழாயில் ஒரு திருகு. நிலவறையில் எங்கள் பங்கு நிலக்கரி அடுக்கியிருக்கிறது. சவர்க்காரக் கட்டி மாதிரி அச்சில் அழுத்தி எடுத்த கறுப்புக் கட்டிகள்.

தவமலருக்கு ஐந்தாம் மாதம். யோகன் ஓர் உணவகத்தில் மாலையிலிருந்து விடியும்வரை கோப்பை கழுவுகிறான். அந்த வேலை சட்டப்படி இல்லாதபடியால் அதைப் பற்றி இதற்குமேல் எழுதுவதற்கில்லை. ஆகவே அடுப்புக்கு நானே பொறுப்பு. யாழ்ப்பாணத்தில் முழு உத்தியோக காலமும் இரசாயனம் படிப்பித்தவனுக்கு ஓர் அடுப்பு என்ன பெரிய காரியம்.

நவம்பர் 10

தகனத்துக்கு மூன்று வேண்டும்: எரிபொருள், ஒட்சிசன், எரிபற்று வெப்பநிலை. மூன்றையும் தவமலருக்கு விளக்கிவிட்டு, பத்திரிகைத் தாளைச் சுருட்டி உள்ளே வைத்து, மேலே நிலக்கரிக் கட்டிகளை அடுக்கி, தீக்குச்சியைக் கிழித்தேன். பத்திரிகை எரிந்தது. கரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுபடி பத்திரிகை. அறை முழுக்கப் புகை. யோகன் போர்வையோடு எழுந்து இருமினான்.

"என்ன பெரியப்பா, வீடு சுடலை மாதிரிக் கிடக்கு?"

"பொறடா. எரிபற்று வெப்பநிலை வரேல்லை."

தவமலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மாமா, கரி பற்றேல்லை. உங்கடை மீசைதான் பற்றியிருக்கு."

மீசையின் இடது பக்கம் சிறிது போய்விட்டது. வலது பக்கத்தையும் அளவாக வெட்டிக்கொண்டேன்.

நவம்பர் 12

முதலில் சிறு விறகு, பிறகு ஒரே ஒரு கட்டி, அது சிவந்த பிறகு மற்றவை. கீழ்க்கதவைத் திறந்துவைத்தால் காற்று போகும், மூடினால் அடங்கும். புகைக்குழாயின் திருகைத் திருப்பினால் சூடு வெளியே ஓடாமல் நிற்கும். இவ்வளவுதான். நாகரிகம் முழுவதும் இந்த நான்கு வரிப் பந்தியில் அடங்கும்.

இரவு எட்டு மணிக்கு அறை சூடாயிற்று. தவமலர் காலுறைகளைக் கழற்றிவிட்டு அடுப்புக்கு முன் உட்கார்ந்து, "அப்பாடா" என்றாள். இந்த நாட்டுக்கு வந்த பிறகு அந்தச் சொல்லை அவள் வாயில் இன்றைக்குத்தான் கேட்டேன்.

நவம்பர் 21

எங்கள் மாடியிலேயே முன்வீட்டில் லேமன் என்ற ஜெர்மன் அம்மா தனியாக இருக்கிறார். எழுபது வயதிருக்கும். இந்த உறைகுளிரில் ஒவ்வொரு காலையும் தன் வீட்டு யன்னல்கள் எல்லாவற்றையும் அகலத் திறந்துவைத்து, தலையணைகளை வெளியே தொங்கவிடுகிறார். இந்த நாட்டவர் உழைத்த காசுக்குக் கரி வாங்கி, மூன்று மாடி சுமந்து, எரித்து, கிடைத்த சூட்டை விடிந்ததும் யன்னலால் வெளியே கொட்டுகிறார்கள். பெரிய தத்துவஞானிகள் பிறந்த நாடு. எந்த இனத்துக்கும் ஒரு மூடநம்பிக்கை வேண்டியிருக்கிறது.

நேற்றுப் படியில் என்னை மறித்து நம் யன்னலையும் காட்டிக் காட்டி ஏதோ சொன்னார். என்னிடமுள்ள ஜெர்மன் சொற்கள் மூன்று. அவற்றில் இரண்டு சம்மதம் தெரிவிப்பவை. இரண்டையும் சொன்னேன். அவருக்குத் திருப்தி.

டிசம்பர் 1

பனி கொட்டியிருக்கிறது. நம் ஊரில் மார்கழிப் பனி தலையில் இறங்கினால் தடிமன், சளி, காய்ச்சல் என்று காதுக்குப் பஞ்சு வைத்துத் தலையில் துவாய் கட்டுவோம். அது புல்லில் துளிக்கும் பனி. இங்கே அதைச் சவளால் அள்ளுகிறார்கள். கர்ப்பிணிப் பெண்ணுள்ள வீட்டில் எவ்வளவு எச்சரிக்கை வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

யன்னல் சட்டங்களின் இடுக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். ஊசிபோலக் காற்று. கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, சிறிது உப்புச் சேர்த்துப் பசை செய்தேன். பத்திரிகையை நீளநீளமாகக் கிழித்து, பசையில் தோய்த்து, பெரிய அறையின் இரண்டு யன்னல்களையும் சுற்றி மூன்று படையாக ஒட்டினேன். குசினிச் சுவரில் ஒரு சதுர ஓட்டை இருந்தது, கட்டியவன் மறந்துவிட்டுப் போனதாக்கும். அதற்குள் இடுப்பில் கட்டும் என் பழைய சாரத்தைச் சுருட்டி அடைத்தேன். வாசல் கதவின் கீழே ஒரு போர்வை.

தவமலர் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஒரு யன்னலையாவது விட்டால் என்ன மாமா? ஒரு காத்துக்கு?"

"காத்து வேணுமெண்டால் தெருவிலை கிடக்கு, பிள்ளை. இது வீடு."

"ஓம் ஓம். இனி ஒரு மூடி போட்டால் ஊறுகாய்ப் போத்தல்தான்."

அவளுக்கு வாய் அதிகம். யோகனுக்கு அது பிடிக்கும். எனக்கும் பிடிக்காமலில்லை.

டிசம்பர் 5

கரியை மிச்சம் பிடிக்க வழி கண்டுகொண்டேன். படுக்கப் போகுமுன் தணலைச் சாம்பலால் நன்றாக மூடி, கீழ்க்கதவை இறுக்கி, குழாய்த் திருகை முக்கால்வாசி திருப்பிவிடுகிறேன். நம் வீடுகளில் சிரட்டைத் தணலை இப்படித்தான் சாம்பலுக்குள் புதைத்து வைப்பார்கள். விடியத் தேநீருக்கு ஊதினால் நெருப்பு எழும்பும். இங்கேயும் எழும்புகிறது. காலையில் ஐந்தாறு கட்டிகள் மிச்சம்.

"அங்கை குசினிக்கு ஓலைக் கூரையெல்லோ மாமா" என்றாள் தவமலர். "புகை தன்ரை பாட்டிலை போயிடும்."

"இங்கை புகை எங்கை இருக்கு? காட்டு பாப்பம்."

அவளால் காட்ட முடியவில்லை.

டிசம்பர் 12

இன்று மதியம் கதவில் தட்டினார்கள். வழக்கமான தட்டல் இல்லை; உத்தியோகத் தட்டல். யோகன் படுக்கையிலிருந்து துள்ளி எழுந்து அலுமாரிக்குப் பின்னால் போய்விட்டான். நான் கால்விரலில் போய்க் கதவுத் துவாரத்தால் பார்த்தேன்.

கறுப்புச் சீருடை. இரண்டு வரிசையாகப் பொன்னிறப் பொத்தான்கள். தோளில் வளையமாகச் சுற்றிய கம்பி.

யோகனைக் கடந்த வருடம் ஊரில் இராணுவத்தார் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போய் வைத்திருந்தார்கள். எதற்கு என்று அவர்களும் சொல்லவில்லை, என்ன செய்தார்கள் என்று இவனும் சொல்லவில்லை. அன்றிலிருந்து பொத்தான் வைத்த சட்டை எதைக் கண்டாலும் அவனுக்குக் கை நடுங்கும். பேருந்தில் சீட்டுப் பார்ப்பவரைக் கண்டு ஒருமுறை இறங்கி ஓடியிருக்கிறான். எங்கள் அகதி விண்ணப்பமோ இன்னும் முடிவாகவில்லை. வேலையோ கள்ள வேலை.

விளக்கை அணைத்தேன். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அந்த மனிதர் மறுபடி தட்டினார், ஏதோ சொன்னார், முன்வீட்டுக்குப் போனார். லேமன் அம்மா கதவைத் திறந்து அவரைச் சிரித்து வரவேற்றார். அந்தம்மாவின் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சியை நான் பார்த்ததில்லை. ஆக, யாருடைய பக்கம் அவர் என்பது தெரிந்துவிட்டது.

"இனி ஆர் தட்டினாலும் திறக்கப்படாது" என்றேன். "நாங்கள் வந்தால் மூண்டு தரம் மெதுவாத் தட்டுவம். விளங்கிச்சோ, பிள்ளை?"

"விளங்கிச்சு" என்றாள். யோகன் அலுமாரிக்குப் பின்னாலிருந்து வெளியே வர நெடுநேரம் பிடித்தது.

டிசம்பர் 18

எல்லோருக்கும் தலையிடி. யோகனுக்குக் கோப்பை கழுவும் நீராவியால். தவமலருக்குக் கர்ப்பத்தால், இந்த மாதத்தில் சத்தி வாந்தியெல்லாம் நின்றிருக்க வேண்டும், அவளுக்கு இப்போதுதான் கூடியிருக்கிறது. எனக்கு வாசிப்பின்மையால் என்று நினைக்கிறேன். ஏனென்றால் இரண்டு தெரு தள்ளியுள்ள பொது நூலகத்துக்குப் போய் ஆங்கிலப் பகுதியில் உட்கார்ந்ததும் அரைமணி நேரத்தில் தலையிடி பறந்துவிடுகிறது. புத்தகத்துக்கு இப்படியொரு மருத்துவ குணம் உண்டென்று இதுவரை யாரும் எழுதவில்லை.

தவமலரும் கடைக்குப் போய்வந்தால் தெளிவாக இருக்கிறது என்கிறாள். அது மனப் பிரமை. இந்தக் குளிரில் அவள் வெளியே போவதை நிறுத்திவிட்டேன். கடைக்கு நான் போகிறேன்.

டிசம்பர் 26

யோகன் வேலையிடத்தில் ஒரு துருக்கிக்காரனிடம் தலையிடியைச் சொல்லியிருக்கிறான்.

"பெரியப்பா, கரி அடுப்பு வீட்டிலை தலையிடி வந்தால் கவனமாம். அவன்ரை ஊர்க்காரர் ரெண்டு பேர் நித்திரையிலேயே போயிட்டினமாம்."

அவன் சொன்னது எனக்குப் புதிதல்ல. காபனோரொட்சைட்டு. நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. குருதிக்குள் ஒட்சிசன் இருக்கவேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்ளும், எழும்பாது. ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். பரீட்சையில் ஐந்து புள்ளிக் கேள்வி.

"அது நிறைவில்லாத தகனத்திலை வாறது" என்று விளக்கினேன். "ஒட்சிசன் காணாத இடத்திலை. எங்கடை அடுப்பு வடிவா எரியுது. நான் பாத்துப் பாத்து எரிக்கிறன். படிக்காத சனம் கண்டபடி எரிச்சுப்போட்டுக் கரியிலை பழியைப் போடுது."

"எண்டாலும்..."

"நீ கெமிஸ்ட்ரியிலை எத்தினை புள்ளி எடுத்தனீ?"

அவன் சிரித்துவிட்டு வேலைக்குப் போனான். அவன் சாதாரண தரப் பரீட்சையில் கெமிஸ்ட்ரி கோட்டைவிட்டவன். நான்தான் படிப்பித்தேன்.

ஜனவரி 3, 1986

பொத்தான் சட்டைக்காரர் மறுபடி வந்தார். மறுபடி விளக்கை அணைத்தோம். தவமலர் அடுப்படியில் இருந்தபடியே காதைப் பொத்திக்கொண்டாள். நெஞ்சு படபடத்ததில் அவளுக்குச் சத்தி வந்துவிட்டது. சத்தம் கேட்காமலிருக்க வாயில் துணியை வைத்து அழுத்திக்கொண்டாள்.

பின்னர் லேமன் அம்மா படியில் என்னைப் பிடித்து, கூரையைக் காட்டி, கையைக் குழாய்போல வைத்து, மேலும் கீழுமாக இழுத்து ஒரு நாடகம் நடத்தினார். என் இரண்டு சம்மதச் சொற்களையும் கூறினேன். இம்முறை அவருக்குத் திருப்தியில்லை.

ஜனவரி 6

காலையில் பெரிய அறை அவ்வளவு சூடாக இல்லை. காரணத்தைத் தேடினேன். கட்டிலோரத்து யன்னலில் என் பசைத்தாளைக் கத்தியால் கீறி, ஒரு விரல் அகலத்துக்குத் திறந்துவைத்திருக்கிறது.

தவமலர் ஒன்றும் மறைக்கவில்லை. "இரவிலை மூச்சு முட்டுது மாமா. உதைத் திறந்தாத்தான் நித்திரை வருது. பத்துப் பதினைஞ்சு நாளா இப்பிடித்தான்."

"அதுதான் உனக்குச் சத்தி. பனி ஏறியிருக்கு."

"பனியில்லை மாமா. பிள்ளையும் அப்பத்தான் துடிக்குது. மூடியிருந்தால் பேசாமக் கிடக்குது."

"பிள்ளைக்கு யன்னல் தெரியுமோ?"

 மாமன் முறையில் உள்ளவர்களோடு அதற்குமேல் வாதாடும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. யோகன் தூக்கத்திலிருந்து, "பெரியப்பா சொன்னால் ஏதும் இருக்குமப்பா" என்றான்.

பசையை இம்முறை தடிப்பாகக் காய்ச்சினேன். ஐந்து படை. காய்ந்த பிறகு விரலால் தட்டிப் பார்த்தேன், பலகைபோலச் சத்தம் கேட்டது.

ஜனவரி 10

தவமலருக்குக் கன்னம் சிவந்திருக்கிறது. ஐரோப்பா ஒத்துக்கொள்கிறது போலும். நாள் முழுக்கத் தூங்குகிறாள். வாய் குறைந்துவிட்டது, ஊறுகாய்ப் போத்தல் பகிடியெல்லாம் இல்லை.

ஜனவரி 13

நாளைக்குப் பொங்கல். தமிழ்ப் பொடியன் ஒருவனின் கடையில் பச்சையரிசியும் பயறும் கிடைத்தன. சர்க்கரைக்கு இங்கத்தைய மண்ணிறச் சீனி. தேங்காய் ஒன்று, அதன் வயதைக் கேட்கக்கூடாது. சூரியனுக்குத்தான் தட்டுப்பாடு, கடந்த வாரத்திலிருந்து அவர் இந்த நகரத்தில் தோன்றவில்லை. குளிர் திடீரென்று விட்டுவிட்டது. பனியெல்லாம் கரைந்து தெருவில் சேறு. காற்றே இல்லை, எல்லாப் புகைபோக்கிகளின் புகையும் மேலே போகாமல் முற்றத்துக்குள் இறங்கி நிற்கிறது. இதமான வானிலை.

ஜனவரி 14

காலையில் அடுப்பின் மேல்தட்டில் பானை வைத்துப் புக்கை பொங்கினோம். பால் கிழக்கே பொங்கியதா என்று யோகன் கேட்டான். இந்த வீட்டில் கிழக்கு எது என்று எங்களுக்குத் தெரியாதபடியால் பொங்கிய பக்கத்தையே கிழக்கு என்று தீர்மானித்தோம். தவமலர் அதற்குச் சிரித்தாள். எழுந்து நின்று யன்னலைப் பார்த்துக் கும்பிட்டாள். உடனே கதிரையைப் பிடித்துக்கொண்டாள்.

"தலை சுத்துது."

"வெறும் வயிறு. புக்கையைச் சாப்பிடு."

யோகனுக்கு இன்று பகல் வேலையும் சேர்ந்துவிட்டது, காலையிலேயே போய்விட்டான். இதமான நாளில் கரி வீணாக வேண்டாமென்று தணலைச் சாம்பலால் மூடி, திருகைத் திருப்பிவிட்டு நூலகத்துக்குப் போனேன். அவன் பங்குப் புக்கையை அடுப்பின் மேல் சூடாக வைத்திருக்கப் போவதாக அவள் சொன்னாள். கதவைப் பூட்டிக்கொள்ளச் சொன்னேன். ஆர் தட்டினாலும்? திறக்கமாட்டன் மாமா.

இரண்டு மணியளவில் திரும்பினேன். தெருவாசலில் ஒரு பெரிய சிவப்பு வண்டி, இன்னுமொரு வெள்ளை வண்டி. படிக்கட்டு முழுக்கத் தீய்ந்த சர்க்கரையின் வாசம். இரண்டாம் மாடிவரை ஏறினேன். மேலே சப்பாத்துச் சத்தம். சீருடைகள். எங்கள் கதவை உடைக்கும் சத்தம். அதன் பூட்டு இழுபடும் ஒலி எனக்கு நன்றாகத் தெரியும். லேமன் அம்மா படிக் கைபிடியில் குனிந்து என்னைக் கண்டார். கையைக் காட்டி ஏதோ கத்தினார்.

நூலகத்தில் நான் வாசித்துக்கொண்டிருந்த கட்டுரையில் சில பக்கங்கள் பாக்கியிருந்தது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போனேன். பருவக்காற்றுகளின் வரலாறு பற்றிய கட்டுரை. நூலகம் பூட்டும்வரை அதை வாசித்தேன். நல்ல கட்டுரை என்று ஞாபகம்.

ஜனவரி 15

தவமலர் பிழைத்துவிட்டாள்.

பெண்குழந்தை. உயிரில்லாமல் பிறந்தது.

ஜனவரி 17

நடந்தது என்ன என்பதை யோகன் கேட்டறிந்து வந்து சொன்னான். அடுப்பின் மேலிருந்த புக்கை அடிப்பிடித்துத் தீய்ந்திருக்கிறது. அந்த வாசம் லேமன் அம்மாவின் வீட்டுக்குள் போயிருக்கிறது. தட்டியிருக்கிறார். உள்ளே எவரும் திறக்கவில்லை. தீயணைப்புக்காரரைக் கூப்பிட்டிருக்கிறார். காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை. சர்க்கரைப் பொங்கலுக்கு உண்டு.

வைத்தியசாலையில் அவளுடைய பெயர், மாதம், இரத்தவகை எதையும் சொல்ல ஆளில்லாமல் இருந்ததாம். பகல் வேலை முடிந்து மாலையில் வந்த யோகன்தான் போய்ச் சொன்னான்.

"நீங்கள் அண்டைக்கு எத்தினை மணிக்கு வந்தனீங்கள் பெரியப்பா?"

"நூலகம் பூட்டின பிறகு."

இது உண்மை.

அவன் தன் கைகளைப் பார்த்தான். சவர்க்கார நீரில் தோல் உரிந்த கைகள்.

"நீங்கள் கெமிஸ்ட்ரி மாஸ்டரெல்லோ பெரியப்பா?"

"ஓம்."

"உந்த வாயுவைப் பற்றிப் படிப்பிச்சிருப்பியள்தானே?"

"பாடத்திட்டத்திலை இருந்தது."

அவன் எழுந்து வேலைக்குப் போனான். இன்று அவனுக்கு விடுமுறை.

ஜனவரி 19

லேமன் அம்மா படியில் இப்போது எனக்கு வணக்கம் சொல்வதில்லை. என்னைக் கண்டால் சுவரோடு ஒதுங்கி நின்று, நான் கடந்து போகும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறார். தனிமையில் வாழும் முதியவர்களின் மனநிலை இப்படித்தான் ஆகும் என்று வாசித்திருக்கிறேன்.

ஜனவரி 22

பொத்தான் சட்டைக்காரர் வந்தார். இம்முறை யோகன்தான் கதவைத் திறந்தான். ஒரு கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு திறந்தான்.

சின்னப் பொடியன். இருபத்தைந்து வயதிருக்கும், நகக்கண்ணில் கரி. அவர் புகைபோக்கி துடைப்பவர். அந்த உடுப்பு அந்தத் தொழிலுக்குரிய உடுப்பு. தோளில் இருந்த கம்பியின் நுனியில் ஒரு தூரிகையும் இரும்புக் குண்டும். இந்த நகரில் வீடு வீடாகப் போய்ப் புகை போகும் வழி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. அதற்காகத்தான் முன்பும் வந்திருக்கிறார், இரண்டு தடவையும்.

குழாயைக் கழற்றினார். உள்ளே ஒரு கை போகுமளவுக்குக்கூட வழியில்லை. வாளி நிறையப் புகைக்கரி எடுத்தார். பிறகு இன்னொரு வாளி. குசினி ஓட்டையிலிருந்து என் சாரத்தை உருவி எடுத்து, இரண்டு விரலால் தூக்கிக் காட்டி, இது யாருடையது என்பதுபோல எங்களைப் பார்த்தார். கட்டிலோரத்து யன்னலைத் திறக்க முயன்றார், வரவில்லை. பசைமேல் நகத்தை வைத்துச் சுரண்டினார். ஏதோ கேட்டார். யோகன் என்னைப் பார்த்தான்.

போகும்போது லேமன் அம்மா வாசலில் நின்று அவருடைய பொத்தான் ஒன்றைத் தொட்டுக்கொண்டார். இந்த நாட்டில் புகைபோக்கிக்காரரைக் கண்டால் அதிர்ஷ்டமாம், பொத்தானைத் தொட்டால் இன்னும் நல்லதாம். யோகன் விளக்கினான். அவன் குரலில் ஒன்றும் இல்லை.

ஆக அதிர்ஷ்டம் எங்கள் வீட்டுக்கு இரண்டு தடவை வந்து கதவைத் தட்டியிருக்கிறது. நாங்கள் விளக்கை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

ஜனவரி 30

தவமலர் வீட்டுக்கு வந்தாள். சில சமயம் சொல் மறந்துபோகிறது, தேடுகிறாள், கிடைக்கிறது. நாளடைவில் சரியாகும் என்று வைத்தியர்கள் சொல்லியிருக்கிறார்கள். குளிர் திரும்பி வந்துவிட்டது. அடுப்பு இப்போது நன்றாக எரிகிறது, யோகன் மூட்டுகிறான். நான் கரி மட்டும் சுமக்கிறேன்.

சாப்பிட்டீர்களா மாமா என்று கேட்டாள். ஓம் என்றேன். 

பெப்ரவரி 2

யோகன் வேலைக்குப் போன பிறகு தவமலர் என் அறை நிலையில் வந்து நின்றாள். போர்வையைச் சுற்றியிருந்தாள். நான் வாசித்துக்கொண்டிருந்த பக்கத்தைத் திருப்பினேன்.

"மாமா."

"சொல்லு பிள்ளை."

"அண்டைக்கு நான் யன்னலைத் திறக்கப் போனனான். புக்கை அடிப்பிடிக்குதெண்டு தெரியுது, எழும்பேலாமக் கிடக்கு. தவண்டுதான் போனனான். கத்தி..." சொல்லைத் தேடினாள். "கத்தி குசினியிலை. நகத்தாலை இழுத்துப் பாத்தன். உரியேல்லை."

 அவள் பதிலுக்கு நிற்கவில்லை. குறைசொல்லும் குரலும் இல்லை. நடந்த ஒன்றைத் தெரியாதவருக்குத் தெரிவிக்கும் குரல். அவளுடைய வலது கையில் இரண்டு விரல்களில் இன்னும் கட்டு இருக்கிறது. அது எதற்கென்று வைத்தியசாலையில் நான் விசாரிக்கவில்லை.

பெப்ரவரி 3

காலையிலிருந்து கட்டிலோரத்து யன்னலில் வேலை செய்கிறேன். வெந்நீரில் துணியைத் தோய்த்து வைத்து ஊறவிட்டு, கத்தியால் சுரண்டுகிறேன். முதல் இரண்டு படை வந்துவிட்டது. மற்றவை மரத்தோடு மரமாகிவிட்டன. கீழ்ச்சட்டத்தின் ஓரத்தில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், தாளில் நான்கு கீறல்கள் இருக்கின்றன. அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிட்டு மற்றப் பக்கத்தைச் சுரண்டினேன். பிறகு அதையும் சுரண்டினேன்.

தவமலர் மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள், எப்போது திறக்கும் என்று.

மதியமாகிவிட்டது. இன்னும் திறக்கவில்லை. நல்ல பசை.